எட்டாண்டுக்கு ஒரு முகூர்த்தம்

2024 மழைக்காலம் முடியும் தறுவாயில் மும்பை நாளிதழ்களின் பக்கங்களில் ஊதா நிறம் நிறைந்திருந்தது. போரிவலியை ஒட்டிய சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலும், தானே பக்கத்து யேவூர் சரிவுகளிலும் கார்வி என்ற புதர்ச்செடி பூத்திருந்தது. 'எட்டாண்டுக்கு ஒருமுறை நிகழும் அதிசயம்' என்றன தலைப்புகள். அதிசயம் என்று சொல்லிவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை, அதுதான் வருத்தம். எட்டாண்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? ஏழோ ஒன்பதோ ஏன் ஆகவில்லை?

பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர். நகரம் அதைச் சுற்றி நெருக்கிக்கொண்டிருக்க, உள்ளே சிறுத்தைகள் திரிகின்றன. துளசி, விஹார் ஏரிகள் மும்பைக்குக் குடிநீர் தருகின்றன. கான்ஹேரியில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தக் குகைகள் இருக்கின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் போன்ற அமைப்புகள் வழிகாட்டியோடு டிரெக்கிங் அழைத்துப் போகின்றன. சிறுத்தையைப் பார்க்கலாம் என்ற ஆசையில் வருவோர்தான் அதிகம். பெரும்பாலும் அது கண்ணில் படாது. கார்வியோ வழிநெடுகப் புதராக நிற்கும். மழையில் சொரசொரப்பான அகன்ற இலைகளோடு பச்சையாக இருக்கும். கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சிகளாகிவிடும். வார்லி பழங்குடியினர் இந்தக் குச்சிகளை வரிசையாகக் கட்டி, மண்ணும் சாணமும் பூசிச் சுவர் எழுப்புவார்கள். உலகப் புகழ்பெற்ற வார்லி ஓவியங்கள் தீட்டப்பட்டது அத்தகைய சுவர்களில்தான்.

வரலாறு சுருக்கமாகப் போதும். கார்வியின் அறிவியல் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் கலோசா. 1944-இல் பிரெமெகாம்ப் என்ற தாவரவியலாளர் அந்தப் பேரினத்தையே பல துண்டுகளாகப் பிரித்து, கார்விக்கு 'கார்வியா' என்று தனிப் பேரினம் கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் துண்டுகளை மறுபடி ஒட்டிவிட்டார்கள். தமிழர்களுக்கு நன்கு தெரிந்த நீலக்குறிஞ்சியும் இதே பேரினம். 1838 முதல் பதிவாகியுள்ள அதன் பூப்பு, பன்னிரண்டாண்டுக் கணக்குத் தப்பாமல் 2018-இல் வந்து நிற்கிறது.

கார்வி வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூக்கும். பிறகு காய்த்து, விதை விட்டு, மடிந்துவிடும். ஒரு சரிவில் உள்ள செடிகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே ஆண்டில் இப்படிச் செய்கின்றன. இதற்கான விளக்கத்தை மூங்கிலை வைத்து சூழலியலாளர் டேனியல் ஜான்ஸென் 1976-இல் விரிவாக எழுதினார். அது நம் ஊர் முகூர்த்த நாள் கணக்குதான். ஊரில் ஒரே ஒரு கல்யாணம் நடந்தால் அழையா விருந்தாளிகள் அத்தனை பேரும் அந்த ஒரு பந்தியில்தான் உட்காருவார்கள். பெண் வீட்டாருக்கே இலை மிஞ்சாது. ஐந்நூறு மண்டபங்களில் ஒரே நாளில் முகூர்த்தம் என்றால், எவ்வளவு பெரிய சாப்பாட்டு ராமனானாலும் ஒரு வயிற்றுக்கு மேல் உண்ண முடியாது. விதை தின்னும் பூச்சிகளும் பறவைகளும் எலிகளும்தான் இங்கே அழையா விருந்தாளிகள். எல்லாச் செடியும் சேர்ந்து விதைத்தால் தின்றது போக மிச்சம் முளைக்கும். அடுத்த முகூர்த்தம் வரை நீண்ட இடைவெளி விட்டால், விதையை மட்டும் நம்பியிருக்கும் கூட்டம் பசியில் குறைந்தும் போகும்.

சரி, இடைவெளி ஒன்றிரண்டு ஆண்டிலிருந்து எட்டாண்டாக எப்படி நீண்டது? இங்குதான் விஷயம் சுவையாகிறது. ஊரே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கல்யாணம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் 'நாங்கள் மூன்றாம் ஆண்டு செய்கிறோம்' என்று கிளம்பினால், அது ஊர் முகூர்த்தத்தைத் தவறவிட்டுத் தனியாக மாட்டிக்கொள்ளும், பந்தி காலி. அதே குடும்பம் நான்காம் ஆண்டு வரை பொறுத்தால் அதுவும் ஊர் முகூர்த்த நாள்தான். கூட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும்; கூடுதலாக இரண்டு ஆண்டு சேமித்த பணத்தில் பந்தியும் பெரிதாகும். செடிக்கு அந்தச் சேமிப்பு, கூடுதலாக வளர்ந்த உடல்; அதனால் கூடுதல் விதை. அந்தக் குடும்பத்தின் வாரிசுகள் பெருகி ஊரே நான்காண்டு வழக்கத்துக்கு மாறியபின், இன்னொரு குடும்பம் எட்டாம் ஆண்டுக்குத் தாவலாம். ஆக, இடைவெளி ஓர் ஆண்டு கூட்டி நீள்வதில்லை. இரண்டு, மூன்று போன்ற ஒரு சின்ன எண்ணால் பெருக்கித்தான் நீள முடியும்.

2015-இல் வெல்லர், நோவாக், டேவிஸ் மூவரும் 'எகாலஜி லெட்டர்ஸ்' இதழில் மூங்கில்களுக்குச் சொன்ன கணக்கு இது. மூங்கில் இனங்களில் 32, 60, 120 ஆண்டு இடைவெளிகள் உண்டு. மூன்றுமே சின்ன எண்களைப் பெருக்கிக் கிடைப்பவை. மிசோரமின் முலி மூங்கிலுக்கு 48, அதுவும் அப்படியே. 1911, 1959, 2007 என்று அது பூத்தது. காட்டு விதையைத் தின்று பெருகிய எலிகள், விதை தீர்ந்ததும் வயலுக்கு இறங்கின. 1959-இல் தொடங்கிய பஞ்சம் 1966 மிசோ கிளர்ச்சி வரை இழுத்துச் சென்றது. விருந்தாளிகளைத் திணறடிக்கும் இந்த உத்தி மூங்கிலுக்கு லாபம். அக்கம்பக்கத்து மனிதர்களுக்குப் பெரும் நஷ்டம்.

கார்வியின் எட்டு இரண்டின் பெருக்கம். குறிஞ்சியின் பன்னிரண்டும் இரண்டு, மூன்றின் பெருக்கம். பொருந்துகிறது என்று துள்ளத் தோன்றும், துள்ளக் கூடாது. இரண்டு எண்கள் சான்றாகாது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை சின்ன எண்களாகப் பிரியக்கூடியவை ஏராளம். மேலும் அந்தக் கணக்கு மூங்கிலுக்குப் போடப்பட்டது. செடி தன் உடலுக்குள் ஆண்டுகளை எப்படி எண்ணுகிறது என்ற கேள்விக்கும் அதில் பதில் கிடையாது.

செய்திகள் சொல்வதுபோல் எல்லா இடத்திலும் ஒரே ஆண்டு என்பதும் சரியல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் வெவ்வேறு பகுதிக் கார்விகளுக்கு வெவ்வேறு முகூர்த்தம். 'குறிஞ்சி முன்கூட்டியே பூத்துவிட்டது, பருவநிலை மாற்றம்தான் காரணம்' என்று அவ்வப்போது பரவும் படங்களில் இருப்பது சில சமயம் வேறு ஸ்ட்ரோபிலாந்தஸ் இனம். அதற்கு அதன் சொந்தக் கணக்கு.

2024-இல் பூத்தவை காய்ந்த காய்களோடு கோடை முழுக்க நின்றன. அடுத்த ஆண்டின் முதல் மழைத்துளிகள் பட்டதும் அந்தக் காய்கள் பட்பட்டென்று வெடித்து விதையைத் தெறிக்கவிட்டிருக்கும். நனைந்தால்தான் திறக்கும் காய் என்பதால் விதை விழும்போதே ஈரமண் தயாராக இருக்கும்.

இப்போது அந்தப் பாதைகளில் நடப்பவர்கள் பூவைப் பார்க்க 2032 வரை பொறுக்க வேண்டும்; குறிஞ்சிக்கு 2030. ஆனால் பூக்காத ஆண்டுகளில்தான் செய்யத்தக்க ஒரு வேலை இருக்கிறது. ஊரோடு ஒட்டாமல் தனித்துப் பூக்கும் ஓரிரு கார்விகள் கண்ணில் பட்டால், இடத்தையும் தேதியையும் படத்தோடு குறித்து வழிகாட்டியிடம் கொடுக்கலாம். மறுமழைக்கு முன்னால் அங்கே திரும்பப் போய், எத்தனை காய் பிடித்தது, எத்தனை பூச்சி அரித்தது என்று யாராவது எண்ண வேண்டும். தனிக் கல்யாணத்தின் பந்தி உண்மையிலேயே காலியாகிறதா என்பதை அந்தக் காய்களே சொல்லும்.