சர்வர் அட்மினா? வெளி வருமானத்துக்கு டாக்ஸ் கட்டுறீங்களா?

ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு இருந்துக்கிட்டு, பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற சர்வர் அட்மினா நீங்க? இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

காலையில் லாக் பார்க்கணும். டிஸ்க் நிரம்பிடுச்சான்னு செக் பண்ணணும். செக்யூரிட்டி பேட்ச் போடணும். பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கணும். 90 நாளில் காலாவதியாகும் லெட்ஸ் என்க்ரிப்ட் சர்ட்டிஃபிகேட் தானா ரினியூ ஆச்சான்னு கவனிக்கணும்.

இதே வேலையை வெளியில் ரெண்டு வெப்சைட்டுக்கும் செஞ்சு மாசம் 25,000 ரூபாய் வாங்குறீங்கன்னு வைங்க. வருஷம் 3 லட்சம். "ஜிபேல தானே வருது, யாருக்குத் தெரியும்?"னு நினைக்காதீங்க. கிளையண்ட் டிடிஎஸ் பிடிச்சா, அது உங்க பான் நம்பர்ல, 26ஏஎஸ்-ல ஏறிடும். சம்பளத்தை மட்டும் காட்டி ஐடிஆர்-1 போட்டா நோட்டீஸ் வரலாம்.

வழி ரொம்ப சுலபம். 2025-26 நிதியாண்டுக்கு பிரிவு 44ஏடிஏ இருக்கு. தகவல் தொழில்நுட்பமும் அந்தப் பட்டியல்ல உண்டு. வரவில் குறைந்தது 50% லாபம்னு காட்டணும். அதாவது 3 லட்சத்தில் 1.5 லட்சம் உங்க சம்பளத்தோடு சேரும், ஸ்லாப்படி வரி. கணக்குப் புத்தகம் தேவையில்லை. ஆனா சர்வர் வாடகை, நெட் பில்னு தனியா கழிக்க முடியாது. ஃபார்ம் ஐடிஆர்-4.

டிடிஎஸ் போக வரி 10,000 ரூபாயோ அதுக்கு மேலயோ வந்தா, மார்ச் 15-க்குள் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டிடுங்க. தவறினா வட்டி.

ஒண்ணு மறக்காதீங்க: வெளி வேலைக்கு உங்க ஆஃபர் லெட்டர் அனுமதிக்குதான்னு முதல்ல படிங்க. டாக்ஸ் சரியா கட்டினாலும் வேலை போச்சுன்னா லாபம் இல்லை.