பல்செட்டின் உள்பக்கம்

பல்செட் வைத்திருப்பவர்கள் பலரும் அதைச் சோம்பல் பார்க்காமல் தேய்க்கிறார்கள். பேஸ்ட்டைப் பிதுக்கி, முன்பற்கள் பளபளக்கும்வரை தேய்த்து அலசிவிட்டு, அப்படியே மாட்டிக்கொண்டு தூங்கியும் விடுகிறார்கள். உழைப்பில் குறையில்லை, இடமும் நேரமும்தான் தவறு. ஊர் பார்க்கும் முன்பக்கத்தைவிட ஈறிலும் மேலண்ணத்திலும் படிந்து கிடக்கும் உள்பக்கத்துக்குத்தான் கவனிப்பு அதிகம் வேண்டும். அதைவிடவும் முக்கியம், இரவில் அதைக் கழற்றுவது.

நம் பல்லின் மேலிருக்கும் எனாமல், உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். பேஸ்ட்டில் கலந்திருக்கும் நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் அதைக் கணக்கில் வைத்துச் சேர்க்கப்பட்டவை. பல்செட்டோ பெரும்பாலும் அக்ரிலிக். கெட்டி ரப்பருக்குப் பதிலாக 1930களில் வந்து நிலைத்துவிட்ட பிளாஸ்டிக் அது. அதன்மேல் பேஸ்ட்டைத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். அந்தக் கீறல்களில் கேண்டிடா என்ற பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒட்டிக்கொண்டு படலமாகப் படரும். மேல்செட்டைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், செட் உட்காரும் இடம் மட்டும் எல்லைக்கோடு போட்டாற்போல் சிவந்திருப்பதைச் சிலரிடம் காணலாம். பெரும்பாலும் அது வலிப்பதில்லை. ஆகவே, “பத்து வருஷமாகப் போடுகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை” என்பது நல்ல சேதிதான், ஆனால் சான்றாகாது.

தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைகிறது. பகலெல்லாம் வாயை அலசிக்கொண்டே இருக்கும் அந்த நீர் வற்றும் நேரத்தில் ஈறைப் பிளாஸ்டிக்கால் மூடிவைத்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். டோக்கியோவில் 85 வயதைத் தாண்டிய 524 பேரைச் சுமார் 3 ஆண்டுகள் கவனித்து, 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் மற்றவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இரவில் கழற்றாதவர்கள் மற்ற விஷயங்களிலும் அசட்டையாக இருந்திருக்கலாமே என்று கேட்பது நியாயம். இந்த ஓர் ஆய்வை வைத்து, பல்செட்தான் காரணம் என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் வாயில் உள்ள கிருமிகள் தூக்கத்தில் உமிழ்நீரோடு நுரையீரலுக்குள் இறங்கக்கூடும் என்பது மருத்துவம் அறிந்த வழிதான். கழற்றி வைப்பதற்குக் காசும் ஆகாது. பல் பிடுங்கிய கையோடு செட் பொருத்தியவர்களிடம் முதல் நாள் கழற்ற வேண்டாம் என்று டாக்டரே சொல்லியிருப்பார். அது வீக்கத்தைக் கருதி, அந்த நேரத்துக்குச் சொன்னது; ஆயுளுக்கும் அல்ல. பொக்கை வாயோடு பேரப்பிள்ளைகள் முன் நிற்கக் கூச்சமென்றால், விளக்கை அணைத்த பிறகு கழற்றிக்கொள்ளட்டும்.

வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் கிருமி செத்துவிடுமே என்பார்கள். கிருமியோடு செட்டும் போய்விடும். அக்ரிலிக் வளைந்துவிட்டால் மறுபடி வாயில் சரியாக உட்காராது. பிளீச் கரைசலில் 10 நிமிடத்துக்கு மேல் ஊறவைக்கக் கூடாது என்கிறது அமெரிக்கப் பல் மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல். உலோகக் கம்பியுள்ள செட்டுக்குப் பிளீச்சே வேண்டாம், அரித்துவிடும். நுரைக்கும் மாத்திரைகள் நல்லவைதான். ஆனால் ஊறவைத்தால் மட்டும் படலம் முழுதும் போகாது, பிரஷ்ஷும் வேண்டும். சில மாத்திரைகளில் உள்ள பெர்சல்ஃபேட் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2008இல் எச்சரித்தது. நன்றாக அலசிய பிறகே வாயில் வைக்க வேண்டும். மாத்திரைக்குச் செலவழிக்க முடியாதவர்கள் கவலைப்படத் தேவையில்லை. மிருதுவான பிரஷ்ஷும் கொஞ்சம் மிதமான சோப்பும் போதும். சாப்பிட்டதும் ஓர் அலசல், படுக்கும் முன் உள்பக்கத்தின் மேடுபள்ளமெல்லாம் தேய்த்து, சாதாரணத் தண்ணீரில் மூழ்க வைத்தால் ஆயிற்று. உலரவிட்டால் வடிவம் கெடும். ஈறு, நாக்கு, அண்ணத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

கழுவும்போது வாஷ்பேசினில் தண்ணீர் நிரப்பிக்கொள்வது, அல்லது ஒரு துண்டை விரித்துக்கொள்வது நல்லது. சோப்பு வழுக்கிக் கைநழுவினால் பீங்கானில் மோதி உடையாது. கீழ்செட்டின் இரு நுனிகளையும் உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் நடுவில் முறியும். முறிந்ததைக் கடையில் வாங்கிய பசையால் ஒட்டி வாயில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது டாக்டரிடம் போக வேண்டிய வேலை.