ஏட்டு விலையும் கைவிலையும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. பழைய நாணயங்களைத் தேடிச் சேர்ப்போர் இம்மொழியை நாள்தோறும் நினைவிற்கொள்ளல் நலம். கையேட்டில் ஒரு நாணயத்திற்கு எதிரே அச்சிட்டிருக்கும் தொகையைத் தம் பெட்டியில் கிடக்கும் ரொக்கமாகவே எண்ணி, விற்கும் நாளில் மனமுடைந்தோர் பலர். இஃது எவ்வாறு நேர்கிறது என்பதை விளக்க, அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு வரலாறே போதும்.

அந்நாட்டில் 1878ஆம் ஆண்டில் தொடங்கி அடிக்கப்பட்ட வெள்ளி நாணயம் ஒன்று, அதனை வடித்த சிற்பியின் பெயரால் 'மோர்கன் டாலர்' என்று வழங்கும். 1903இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து நாணயச் சாலையில் இந்நாணயங்கள் 44,50,000 அடிக்கப்பட்டன. ஆயினும் அவை புழக்கத்தில் தென்படுவது மிக அரிதாயிற்று. 1918இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டிருந்தன. ஆதலின், 1903ஆம் ஆண்டு நாணயங்களும் ஏறத்தாழ முழுமையாக உலைக்குச் சென்றுவிட்டன என்று சேகரிப்போர் முடிவு கட்டினர். விலை ஏறிற்று. 1962இல் புழங்காத நிலையிலுள்ள ஒரு நாணயத்திற்குப் புகழ்பெற்ற விலைக் கையேடு குறித்த தொகை 1,500 டாலர்! அதன் முக மதிப்போ ஒரே ஒரு டாலர்.

அவ்வாண்டின் இறுதியில், கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டிப் பரிசளிப்பதற்காக மக்கள் வங்கிகளில் வெள்ளி டாலர்களைக் கேட்டனர். தேவையை நிறைவு செய்ய, அரசின் கருவூலத்தார் பிலடெல்பியா நாணயச் சாலையின் நிலவறையில் நெடுங்காலம் முத்திரையிட்டு வைத்திருந்த மூட்டைகளை வெளியே எடுத்தனர். மூட்டை ஒன்றுக்கு 1,000 நாணயங்கள். அவிழ்த்துப் பார்த்தால், உலைக்குப் போயிற்று என்று ஊரார் நம்பியிருந்த அதே 1903ஆம் ஆண்டு நாணயங்கள், நேற்று அடித்தவை போலப் பளபளத்தன! செய்தி பரவிற்று. சில வாரங்களுக்குள் 1,500 டாலர் என்பது சில பத்து டாலர்களாகச் சுருங்கிற்று. அச்சிட்ட கையேடோ, அடுத்த பதிப்பு வரும்வரை பழைய தொகையையே காட்டி நின்றது.

அந்த நாணயத்திற்கு என்ன நேர்ந்தது? அது தேயவில்லை, கறுக்கவில்லை, அதன் வெள்ளியில் ஒரு குன்றிமணி எடையும் குறையவில்லை. மாறியது ஒன்றே: மக்கள் அறிந்திருந்த செய்தி. 'அரியது' என்று நாம் சொல்லும்போது, 'இதுவரை கண்ணில் பட்டவை சிலவே' என்றுதான் பொருள். உண்மையில் எத்தனை உள்ளன என்பதை எந்த நூலும் உறுதிகூற இயலாது.

இதற்கு நேர்மாறான வழியிலும் விலை பொங்கித் தணிவதுண்டு. 1950இல் டென்வர் நகரத்து நாணயச் சாலை 26,30,030 ஐந்து சென்ட் நாணயங்களை மட்டுமே அடித்தது. தொகை குறைவு என்பதை அறிந்த மக்கள், அவற்றைச் செலவிடாமல் கட்டுக் கட்டாகப் பதுக்கினர். 40 நாணயங்கள் அடங்கிய ஒரு கட்டின் முக மதிப்பு 2 டாலர். 1964இல் அதன் விலை 1,200 டாலர் வரை ஏறிற்று. ஆனால் எல்லாரும் பதுக்கிய பொருள் எவ்வாறு அரிதாகும்? வாங்கியோர் அனைவரும் விற்பவராக மாறிய வேளையில் வாங்க ஆளில்லை. விலை சரிந்தது. நாணயம் ஒன்றுக்கு 30 டாலர் என்ற அந்தப் பழைய விலையை, அறுபது ஆண்டுகள் கடந்தும், பொதுவான தரத்து நாணயங்கள் பெரும்பாலும் எட்டுவதில்லை.

அவ்வாறாயின் விலைக் கையேடுகள் பொய்யுரைக்கின்றனவா? அவ்வாறு கூறுவது நேர்மையன்று. அவை எதைச் சொல்கின்றன என்பதை நாம் அறிந்துகொள்ளாததே குறை. முதலாவது, ஆண்டுக்கொரு முறை வரும் நூல் அச்சேறுவதற்குப் பல திங்கள் முன்னரே அதன் விலைகள் முடிவு செய்யப்படுகின்றன. இக்குறையை நீக்கவே, 1963 முதல் வணிகர்களுக்கென ஒரு விலைமடல் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கிற்று. இரண்டாவது, அரிய நாணயம் விற்பனைக்கு வருவதே அரிது. விற்பனை நிகழாத இடத்தில், அச்சிட்ட தொகை அறிந்தோரின் மதிப்பீடேயன்றி உண்மை விலையன்று. மூன்றாவது, கடைக்காரர் விற்கும் விலை வேறு, அவர் நம்மிடம் வாங்கும் விலை வேறு. அமெரிக்காவில் இவ்விரண்டிற்கும் தனித்தனி நூல்களே உண்டு: விற்கும் விலைக்குச் சிவப்பு அட்டை நூல், வாங்கும் விலைக்கு நீல அட்டை நூல். நான்காவது, தரம். 1 முதல் 70 வரையுள்ள அளவுகோலில் நாணயங்கள் மதிப்பிடப்படுகின்றன. வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஒரு புள்ளி வேறுபாடு விலையைப் பன்மடங்கு ஏற்றவோ இறக்கவோ கூடும். கையேட்டின் உயர்ந்த விலையைப் படிப்பவர், தம்மிடமுள்ள தேய்ந்த காசையும் அந்தத் தரத்தில் சேர்த்துவிடுகிறார்.

அயல்நாட்டுக் கதைதானே என்று நாம் அயர்ந்திருத்தல் கூடாது. நம் நாட்டிலும், வீட்டில் கிடக்கும் பழைய ஐந்து ரூபாய் நாணயம் இலட்சக்கணக்கில் விலைபோகும் என்று ஆசை காட்டி, கட்டணம், தரகு, வரி என்று முன்பணம் பறிப்போர் உளர். தன் பெயரையும் சின்னத்தையும் இவ்வாறு முறைகேடாகப் பயன்படுத்துவோரிடம் ஏமாற வேண்டாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் பொதுமக்களை எச்சரித்தது. விற்பவரிடமே முன்பணம் கேட்பவர் வணிகர் அல்லர் என்பதைக் குடும்பத்தில் முதியோரும் இளையோரும் உணர வேண்டும்.

இல்லத்தில் தந்தையோ பாட்டனாரோ விட்டுச் சென்ற நாணயப் பெட்டி இருக்குமாயின், முதலில் அவற்றைத் துலக்காதீர்கள். புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய நாணயம் சேகரிப்போர் கண்ணில் மதிப்பிழந்துவிடும். நம்பத்தக்க வணிகர் இருவர் மூவரிடம் தனித்தனியே காட்டி, 'இதனை என்ன விலைக்குத் தாங்கள் வாங்குவீர்கள்?' என்று கேளுங்கள். ஏலங்களில் கேட்கப்பட்ட விலையை விடுத்து, விற்று முடிந்த விலையைப் பாருங்கள். மகளின் திருமணத்தையோ மகனின் படிப்பையோ ஏட்டிலுள்ள தொகையை நம்பித் திட்டமிடாதீர்கள். அதனைக் காட்டிக் கடன் வாங்குவதையும் அறவே தவிருங்கள்.

நாணயம் சேர்ப்பது நல்ல பழக்கமே. ஒரு சிறு வெள்ளி வட்டத்தில் அரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் குழந்தைகள் படிக்கலாம். அந்த அறிவின் விலை எந்நாளும் சரிவதில்லை. ஆனால் பணம் என்று வரும்போது, வாங்குபவர் இன்று எண்ணிக் கையில் வைக்கும் தொகை ஒன்றே நாணயத்தின் விலை.