சிறு பட்டறைக்கு ஏற்ற தூசுப் பிரிப்பான்

மும்பை நகரில் சயான் ரயில் நிலையத்துக்கு மேற்கே தாராவி தொடங்குகிறது. 2 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த இப்பரப்பில் தோல் பொருள்கள், ஆயத்த ஆடைகள், மண்பாண்டங்கள், பழைய பிளாஸ்டிக்கை மறுபயனுக்குக் கொணர்தல் முதலிய தொழில்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிப் பகுதியினின்று வந்து குடியேறிய தமிழர்கள் இங்கு தோல் பதனிடும் தொழிலுக்கு அடிகோலினர். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவில் சூளைகளை அமைத்தனர்.

இப்பட்டறைகளுள் பல ஒற்றை அறையில் நடைபெறுகின்றன. கீழே இயந்திரம் ஓடுகிறது. மேலே பரணில் தொழிலாளர்கள் உறங்குகின்றனர். எனவே பட்டறையின் தூசு, வேலை நேரம் முடிந்ததும் தொழிலாளியை விட்டு நீங்குவதில்லை. இத்தகைய இடத்தில் குறைந்த செலவில் தூசைக் கட்டுப்படுத்த உதவும் சாதனங்களுள் ஒன்று, வாக்குவம் கிளீனர் எனப்படும் தூசு உறிஞ்சியும் அதனுடன் இணைக்கப்படும் பிரிப்பானும் ஆகும். பிரிப்பான் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்த பின்னரே அதனை வாங்குதல் நலம்.

சட்டமும் அதன் எல்லையும்

தூசு தோன்றும் இடத்துக்கு இயன்ற அளவு அருகிலேயே அதனை உறிஞ்சி அகற்ற வேண்டும் என்னும் கொள்கையை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 14ஆம் பிரிவில் வகுத்தது. மின்விசை பயன்படும் இடமாயின் 10 தொழிலாளரும், அஃது இல்லாத இடமாயின் 20 தொழிலாளரும் இருந்தால் அச்சட்டம் பொருந்தியது. 2020இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழிற் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய சட்டத்தொகுப்பு இவ்வெண்ணிக்கைகளை முறையே 20 எனவும் 40 எனவும் உயர்த்தியது. மூவரும் நால்வரும் உழைக்கும் அறைகள் இரு வரம்புகளுக்கும் வெளியே நிற்பவை. ஆகவே, அங்கே தூசைத் தடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் பட்டறை உரிமையாளரின் அறிவையும் மனத்தையுமே சார்ந்துள்ளது.

கண்ணுக்குத் தெரியாத தூசே கொடியது

தூசுத் துகளின் அளவு மைக்ரான் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களுள் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். 4 அல்லது 5 மைக்ரானுக்குக் குறைந்தவை நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியவை.

நீரின் அடர்த்தியுடைய 10 மைக்ரான் துகள், அசைவற்ற காற்றில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையை அடைய ஏறக்குறைய 8 நிமிடங்கள் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கோ சுமார் 12 மணி நேரம் தேவை. மாலை 6 மணிக்கு இயந்திரத்தை நிறுத்தினாலும், அந்நுண்துகள் பரணில் உறங்குவோரின் மூச்சுக் காற்றில் விடியும்வரை மிதந்துகொண்டிருக்கும். மரத்தூசு, தோல் தூசு, சுவாசத்தில் கலக்கும் படிகச் சிலிக்கா ஆகிய மூன்றையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது.

பிரிப்பான் இயங்கும் முறை

பிரிப்பான், உறிஞ்சிக்கும் வேலை செய்யும் இயந்திரத்துக்கும் இடையே குழாயில் பொருத்தப்படுவது. சுழற்பிரிப்பான் எனப்படும் சைக்ளோனில் தூசு கலந்த காற்று பக்கவாட்டில் நுழைந்து கூம்பின் உட்சுவரை ஒட்டிச் சுழல்கிறது. கனமான துகள்கள் வெளிப்புறம் தள்ளப்பட்டுச் சுவரில் உரசி, கீழேயுள்ள பீப்பாயில் விழுகின்றன. காற்று நடுவே மேலெழுந்து உறிஞ்சியை அடைகிறது. அமெரிக்காவில் 1885இலேயே இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. மர அறுவை ஆலைகளிலும் மாவாலைகளிலும் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் முறை இது.

காற்று வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நுழைந்து 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள சைக்ளோனில் சுழல்வதாகக் கொள்வோம். துகள்மீது செயற்படும் விசை புவியீர்ப்பைப் போல் சுமார் 400 மடங்காகும். மரச் சிராய்கள், தோல் சீவல்கள், கரடான தூள் ஆகியவற்றுக்கு இது போதும். ஆயினும் துகள் சிறுக்கச் சிறுக்க அது காற்றோடு ஒட்டியே திரும்பிவிடுகிறது. சிறு பட்டறைகளுக்கான எளிய சைக்ளோனிலிருந்து சில மைக்ரான் அளவுள்ள தூசின் கணிசமான பகுதி தப்பிச் செல்லும்.

அவ்வாறாயின் பிரிப்பானால் பயன் என்ன? அது இல்லாதபோது எல்லாத் தூசும் உறிஞ்சியின் வடிகட்டியில் படிகிறது; வடிகட்டி அடைபடுகிறது; உறிஞ்சும் ஆற்றல் குன்றுகிறது; இயந்திரத்தருகே எழும் தூசு பிடிபடாமல் அறைக்குள் பரவுகிறது. பொறுமையிழந்த தொழிலாளி வடிகட்டியைக் கழற்றிவிட்டே வேலையைத் தொடர்வதும் உண்டு. பிரிப்பான் வடிகட்டியைக் காக்கிறது. வடிகட்டி நுரையீரலைக் காக்கிறது. முன்னது பின்னதற்கு மாற்றாகாது.

தேர்வுக்குரிய வகைகள்

முதல் வகை, மூடியில் இரு குழாய்கள் பொருத்திய எளிய பீப்பாய். காற்றின் வேகம் பீப்பாய்க்குள் குறைவதால் கனமானவை விழுகின்றன. விலை குறைவு, சிராய்களுக்கும் சீவல்களுக்கும் ஏற்றது, நுண்தூளுக்கு உதவாது. பிளாஸ்டிக் அரைக்கும் இடத்தில் தரையில் சிதறும் துண்டுகளைத் திரட்ட இது போதுமானது.

இரண்டாவது வகை, பீப்பாயின்மேல் அமரும் சைக்ளோன். உப்புத்தாள் தேய்ப்பதால் எழும் மரத்தூள், தோலின் ஓரம் தேய்க்கும்போது எழும் தூள் ஆகியவற்றுக்கு இதுவே ஏற்றது. சைக்ளோன் சிறிதானால் நுண்ணிய துகளையும் பிரிக்கும். ஆனால் அழுத்த இழப்பு கூடும். காற்றின் வேகத்தை இரட்டித்தால் இவ்விழப்பு நான்கு மடங்காகும். ஆகவே சைக்ளோனின் நுழைவாய், பட்டறையில் உள்ள குழாயின் விட்டத்தோடு பொருந்த வேண்டும்.

மூன்றாவது வகை, தூசுக் காற்றை நீரின் ஊடே செலுத்துவது. கழிவுச் சேற்றை நாள்தோறும் அகற்ற வேண்டியிருப்பதும், நீர்த்துளிகள் மோட்டாரை அடையக்கூடும் என்பதும் இதன் குறைகள். அலுமினியத் தூள் நீருடன் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு தோன்றித் தீ விபத்துக்கு இடமாகும். அத்தொழிலில் தக்க பொறியியல் ஆலோசனை இன்றி இதனைக் கையாளலாகாது.

எவ்வகையாயினும் இறுதியில் நல்ல வடிகட்டி இன்றியமையாதது. ஐரோப்பியத் தர முறைப்படி 'எல்' வகை உறிஞ்சி 99 விழுக்காடும், 'எம்' வகை 99.9 விழுக்காடும், 'எச்' வகை 99.995 விழுக்காடும் தூசைத் தடுக்க வேண்டும். மரத்தூசுக்கு 'எம்' வகையும், புற்றுநோய் விளைவிக்கும் ஏனைய நுண்தூசுக்கு 'எச்' வகையும் பரிந்துரைக்கப்படுகின்றன. மண்பாண்டப் பட்டறையில் உலர்ந்த களிமண்ணைத் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத் துணியால் துடைப்பதே எந்தக் கருவியினும் முற்பட்ட பாதுகாப்பு.

பீப்பாயும் குழாயும்

தாராவியில் பழைய பீப்பாய்களைச் செப்பனிட்டு விற்பது ஒரு தொழில். எனவே பிரிப்பானுக்குரிய கலம் அருகிலேயே கிடைக்கும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முன்பு இரசாயனம் இருந்த பீப்பாய் முற்றும் கழுவப்பட்டதாக இருத்தல் வேண்டும். அன்றியும் அது உறுதியானதாக இருத்தல் வேண்டும். குழாய் அடைபடும்போது பட்டறை உறிஞ்சி 20 கிலோபாஸ்கல் அளவுக்கு வெற்றிடத்தை உண்டாக்க வல்லது. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின்மீது அப்போது விழும் விசை சுமார் 250 கிலோகிராம் எடைக்குச் சமம். மெல்லிய வாளி நசுங்கிவிடும்.

மூடியில் காற்றுக் கசிவு இருந்தால் கீழே விழுந்த தூசு மீண்டும் எழும்பி உறிஞ்சிக்குள் செல்லும். ரப்பர் பட்டையால் இறுக்கி அடைத்தல் அவசியம். பீப்பாய் மூன்றில் இரு பங்கு நிரம்பியதும் காலி செய்ய வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் நிலைமின்சாரம் சேருமாதலால் நிலத்தொடர்புக் கம்பி பொருத்துவது நன்று. தீப்பொறி பறக்கும் இரும்புத் தேய்ப்புக்கும் மரத்தூளுக்கும் ஒரே பீப்பாயைப் பயன்படுத்துதல் கூடாது.

உறிஞ்சும் வாய் தூசு எழும் இடத்தை ஒட்டி இருப்பதும் முக்கியம். வாயின் விட்டமளவு தூரம் விலகினாலே காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. விலையுயர்ந்த பிரிப்பானைவிட, ஒரு சாண் நெருக்கி வைத்த குழாய் அதிகப் பயன் தரும் என்பது இதன் பொருள்.

கூட்டு முயற்சியின் தேவை

தூசின் அளவை அறியாமல் கருவியைத் தேர்ந்தெடுப்பது, நோயை அறியாமல் மருந்து வாங்குவதைப் போன்றது. அளவிடும் அறிவும் ஆய்வுக்கூடமும் தொலைவில் இல்லை. மத்தியத் தொழிலாளர் நிலையம் சயானிலேயே அமைந்துள்ளது. 1959இல் தொடங்கப்பெற்று 1966 முதல் இங்கு இயங்கிவரும் இந்நிலையம், தொழிற் சுகாதாரத் துறையில் ஆய்வும் பயிற்சியும் நடத்திவருகிறது. தொழிலாளர் நலத்துக்கான தேசிய நிறுவனமும், சட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட பட்டறைகளும் ஒரே புறநகர்ப் பகுதியில் அண்டை அயலாக இருக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே பாலம் அமைப்பது அதிகாரிகளின் கடமையாகும்.

தனித்தனிப் பட்டறை ஒவ்வொன்றும் 'எச்' வகை உறிஞ்சியை வாங்குதல் இயலாது. தோல் தேய்ப்பு, மர இழைப்பு போன்ற தூசு மிகுந்த பணிகளைப் பொதுக்கூடம் ஒன்றில், பெரிய சைக்ளோனும் வடிகட்டியும் பொருத்தி நடத்தலாம். குறு, சிறு தொழில் தொகுப்பு வளர்ச்சித் திட்டத்தின்கீழ் பொது வசதி மையங்களுக்கு உதவி பெற வழி உள்ளது. தாராவி மறுசீரமைப்புக்கு மாநில அரசு 2004இல் ஒப்புதல் அளித்தது. புதிய கட்டடங்களில் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் இடம் ஒதுக்கப்படுவதைப் போல, தூசுக் காற்று வெளியேறும் குழாய்க்கும் வரைபடத்திலேயே இடம் ஒதுக்குவது செலவைக் குறைக்கும்.

பிரிப்பான் தன் பீப்பாயில் சேர்ப்பது கண்ணுக்குத் தெரியும் தூசு. அதனை நிரம்பக் கண்டு பட்டறைக்காரர் மனநிறைவு அடைவது இயல்பு. மிஞ்சிய, காணாத தூசு எங்கே செல்கிறது என்று கேட்டு, அதற்கு விடை கண்ட பின்னரே தேர்வு முற்றுப்பெறுகிறது.