ஒரு மலர்ப் படம், பல உருவங்கள்

கைத்தறித் துணியின் மதிப்பு நூலிலும் சாயத்திலும் அமைவது போலவே, அதிலுள்ள சித்திரத்திலும் அமைகின்றது. முன்னர் சித்திரக்காரர் மலரைக் கண்டு கையால் வரைந்து, அதனைக் கட்டத்தாளில் ஏற்றினார். இன்று அங்கத்தினர் பலரிடமும் கைப்பேசி உள்ளது. தோட்டத்தில் மலர்ந்த பூவை நொடியில் படமெடுக்கலாம். ஜிம்ப், கிரிட்டா போன்ற மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு அப்படத்தைப் பல பாணிகளில் மாற்றியமைக்கலாம். ஆயினும் எந்தப் பாணி எந்த வேலைக்கு உகந்தது என்று அறியாமல் மாற்றினால், ஜக்கார்டு அட்டை துளைத்த பின்னரே பிழை தெரியவரும். அட்டையும் கூலியும் அதற்குள் செலவாகியிருக்கும். ஆகவே, இப்பாணிகளின் தன்மையை இங்கே விளக்குவோம்.

எடுத்துக்காட்டாகச் செங்காந்தளைக் கொள்வோம். இது தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக்கிழங்கு என்னும் பெயரில் விதைக்காகப் பயிரிடப்படுவதும் இதுவே. இதன் ஆறு இதழ்களும் விளிம்பு நெளிந்து மேல்நோக்கி மடங்கி நிற்கும். பூ விரியும்போது பசுமை கலந்த மஞ்சளாகத் தோன்றி, நாள் செல்லச் செல்லச் சிவப்பேறும்.

படமெடுத்தல்

நண்பகல் வெயிலில் எடுத்தால் சிவப்பு இதழின் நெளிவுகள் மறைந்துவிடும். காலை வெளிச்சமோ மேகமூட்டமோ நல்லது. பூவின் அருகே ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்க. அத்தாள் திரையில் நீலமாகவோ மஞ்சளாகவோ தோன்றினால், அது வெள்ளையாகும் வரை திருத்த வேண்டும். அப்போது பூவின் நிறமும் பெரும்பாலும் நேராகும். மூலப்படத்தை அழிக்காமல், எப்போதும் படியெடுத்ததன் மீதே வேலை செய்க.

கறுப்பு வெள்ளை

திரையில் தோன்றும் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வொன்றின் அளவும் 0 முதல் 255 வரை எண்ணால் குறிக்கப்படும். இதழின் எண்கள் 200, 40, 30 என்றும், இலையின் எண்கள் 60, 110, 50 என்றும் கொள்வோம். சிவப்பில் 30 பங்கு, பச்சையில் 59 பங்கு, நீலத்தில் 11 பங்கு என நூற்றுக்கணக்கில் கூட்டிச் சாம்பல் நிறமாக்குவது வழக்கமான முறை. அவ்வாறு கூட்டினால் இதழ் ஏறத்தாழ 87, இலை ஏறத்தாழ 88! கண்ணுக்கு நன்கு வேறுபட்ட சிவப்பும் பச்சையும் படத்தில் ஒன்றாகிப் பூ மறைந்துவிடும். சிவப்பு ஒளியை மட்டும் தனியே எடுத்தாலோ, இதழ் 200, இலை 60 ஆகும். இருண்ட இலையின் மீது பூ வெளிச்சமாக எழும். எனவே, கறுப்பு வெள்ளையாக்கும் முன் மூன்று ஒளிகளையும் தனித்தனியே பார்த்துத் தேர்க.

நிழலுரு

ஓர் அளவுக்கு மேற்பட்ட புள்ளிகளை வெள்ளையாகவும், எஞ்சியவற்றைக் கறுப்பாகவும் ஆக்குவது நிழலுரு. ஒரே ஜரிகையாலோ ஒரே வண்ண நூலாலோ நெய்யும் புட்டாவுக்கு இதுவே ஏற்றது. இங்கு உள்விவரம் முழுவதும் நீங்கிவிடுவதால் வெளிவரம்பு ஒன்றே பூவை அடையாளம் காட்ட வேண்டும். காந்தளை மேலிருந்து எடுத்தால் வேறு எந்தப் பூவோ என்று தோன்றும்; பக்கவாட்டில் எடுத்தால் மேலெழும் சுடர் போன்ற அதன் வடிவம் பிழையின்றித் தெரியும்.

சில வண்ணங்களில் அடக்குதல்

படத்திலுள்ள எண்ணற்ற வண்ணங்களை மூன்று அல்லது நான்காகக் குறைப்பது அடுத்த முறை. கூடுதல் ஊடை நூலால் பல வண்ணப் பூ நெய்வோருக்கு இது பெரிதும் உதவும். காந்தளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்னும் மூன்றே போதும். குறைக்கும்போது வண்ணங்களைப் புள்ளிகளாகத் தூவிக் கலக்கும் வசதியை நிறுத்திவிடுக. திரையில் அது அழகாகத் தோன்றினாலும், துணியில் ஒவ்வொரு தூவலும் தனித்த ஓர் இழையாகி உதிரியாக நிற்கும். அவ்வாறே, ஒரே வண்ணம் நீளமாகப் பரவும் இடத்தில் இழை பிடிப்பின்றி மிதந்து, அணிவோரின் வளையலில் மாட்டும். அங்கே இடையிடையே கட்டுப்புள்ளிகள் வைத்தல் அவசியம்.

கோட்டுருவமும் நீர்வண்ணமும்

விளிம்புகளை மட்டும் கோடாக எடுக்கும் பாணி, அச்சுக்கட்டை செதுக்குவோருக்கும் பூத்தையல் செய்வோருக்கும் பயன்படும். நெசவில் ஓரிழைக் கோடு சாய்வாகச் செல்லும்போது படிப்படியாக உடைந்து தோன்றும். ஆகையால் கோட்டைத் தடிப்பாக்குதல் வேண்டும். நீர்வண்ண ஓவியம் போல மங்க வைக்கும் பாணியும், நீலப்படப் பாணியும் நாட்காட்டிக்கும் விலைச்சீட்டுக்கும் அழகூட்டும். நீலப்பட முறை புதியதன்று. 1842ஆம் ஆண்டில் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த அம்முறையால், 1843 முதல் அன்னா அட்கின்ஸ் அம்மையார் கடற்பாசிகளின் நிழலுருக்களைப் பதித்து நூலாக வெளியிட்டார்.

கட்டத்தாளில் ஏற்றுதல்

கட்டத்தாளில் நெடுவரிசை பாவு இழையையும், குறுக்கு வரிசை ஊடையையும் குறிக்கும். அங்குலத்துக்குப் பாவு 80, ஊடை 60 எனில், 120 இழை அகலமுள்ள பூ ஒன்றரை அங்குலம் இருக்கும். அதன் உயரமும் ஒன்றரை அங்குலம் ஆக வேண்டுமானால் 90 ஊடைகளே தேவை. இதனை மறந்து 120க்கு 120 என்று ஏற்றினால், பூ 2 அங்குல உயரத்துக்கு நீண்டுவிடும். எனவே, முதலில் படத்தை 120க்கு 90 என்று சுருக்கிப் பின்னரே அட்டைக்குச் செல்க.

பாதிப் படத்தைக் கண்ணாடியிற்போலத் திருப்பி ஒட்டிப் பூவை முழுமையாக்குவதும் உண்டு. காந்தளின் சூல்தண்டோ ஒரு பக்கமாக மட்டும் வளைந்து நீள்வது. திருப்பி ஒட்டினால் அது இரண்டாகிவிடும். அல்லது அறவே மறைந்துவிடும். அலங்காரத்துக்காக அவ்வாறு செய்யலாமெனினும், அறிந்து செய்தல் வேண்டும்.

விற்பனைப் படத்துக்கு எல்லை

இதுவரை கூறிய மாற்றங்கள் யாவும் சித்திரத்துக்கு உரியவை. விற்கும் பொருளின் படத்துக்கு அவை பொருந்தா. பூ விளைவிப்போர் வெளியூர் வியாபாரிக்குப் படம் அனுப்பும்போது சிவப்பைக் கூட்டிக் காட்டினால், சரக்கு சேர்ந்தவுடன் குறை எழும். சேலையின் படமும் அப்படியே. வெள்ளைத் தாளைக் கொண்டு நிறத்தை நேராக்குவது திருத்தம். இல்லாத நிறத்தை ஏற்றுவது ஏமாற்று. ஒருவர் செய்யும் பிழைக்குச் சங்கத்தின் பெயர் முழுவதும் விலை கொடுக்க நேரும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பிறர் எடுத்த படத்தை மாற்றியமைத்து நெய்துவிட்டால் அது நமதாகிவிடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படங்களுக்கும் பொருந்தும். நம் அங்கத்தினரின் தோட்டங்களிலேயே பூக்கள் இருக்கும்போது கடன் படம் எதற்கு? விளைவிப்போர் நல்ல படம் எடுத்துக் கொடுக்க, நெசவாளர் அதனைத் தறிக்கேற்ப உருவாக்குவாராயின், சங்கத்துக்கெனத் தனிச் சித்திரங்கள் சேரும். இவ்வாண்டில் ஒரு பூவைக் கொண்டேனும் இதனைத் தொடங்கிப் பார்த்தல் நன்று.