கொலையாளி இறைவன் பெயரைச் சொன்னால் பழி யாருக்கு?

உண்மையில் நடந்த கொலைகளை விவரிக்கும் ‘ட்ரூ க்ரைம்’ நூல்களும் அவற்றைத் தழுவிய தொடர்களும் இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் கைபேசி வரை வந்துவிட்டன. கொலையாளி மதத்தைக் காரணம் காட்டிய வழக்குகளும் அவற்றில் உண்டு. அத்தகைய நூல்கள் மதத்தின் பங்கை நியாயமாகச் சொல்கின்றனவா?

இதைப் புரிந்துகொள்ள, முஸ்லிம்களைப் பற்றியது அல்லாத ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். நம்மைப் பற்றி எழுதினால் உடனே மனம் கொதிக்கும். பிறரைப் பற்றியது என்றால் நிதானமாக எடை போடலாம்.

இரண்டு சகோதரர்கள், ஒரு ‘கட்டளை’

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் அமெரிக்கன் ஃபோர்க் என்ற ஊரில், 1984 ஜூலை 24 அன்று 24 வயதுப் பெண்ணும் அவருடைய 15 மாதப் பெண் குழந்தையும் வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் அப்பெண்ணின் கணவருடைய அண்ணன்களான ரான் லாஃபர்ட்டியும் டான் லாஃபர்ட்டியும். நான்கு பேரை அகற்றும்படி தனக்கு இறைவனிடமிருந்து கட்டளை வந்ததாக ரான் எழுதி வைத்திருந்தார். மோர்மன் குடும்பத்தில் பிறந்த இருவரையும் மோர்மன் திருச்சபை கொலைக்கு முன்பே உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கியிருந்தது.

இந்த வழக்கை வைத்து ஜான் கிராகவர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2003இல் ‘அண்டர் தி பேனர் ஆஃப் ஹெவன்’ என்ற நூலை எழுதினார். 2022இல் அது தொடராகவும் வந்தது. கொலையை ஓர் அத்தியாயத்திலும், 19ஆம் நூற்றாண்டு மோர்மன் வரலாற்றை அடுத்த அத்தியாயத்திலுமாக மாற்றி மாற்றிச் சொல்கிறது நூல். வரலாற்றுப் பகுதியில் முக்கியமானது, 1857இல் மவுண்டன் மெடோஸ் என்ற இடத்தில் பயணிகள் சுமார் 120 பேரை மோர்மன் படையினர் கொன்ற சம்பவம். நூல் வெளிவரும் நேரத்திலேயே திருச்சபை எதிர்ப்புத் தெரிவித்தது. தகவல் பிழைகள் இருப்பதாகவும், ஒரு சிலரை வைத்து அனைவரையும் சித்திரிப்பதாகவும் கூறியது. அடுத்த பதிப்பில் சில பிழைகளைத் திருத்திய ஆசிரியர், தன் மையக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

நூல் சொல்வதும் நழுவவிடுவதும்

ஒரு விஷயத்தில் நூல் நேர்மையாக இருக்கிறது. கொலையாளிகள் பேசியது மதத்தின் மொழி. திருச்சபை 1890இலேயே கைவிட்ட பலதார மணத்தை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்றார்கள். தங்களுக்கு நேரடியாக இறைச்செய்தி வருகிறது என்றார்கள். அதை நம்ப ஒரு சிறு வட்டமும் இருந்தது. “இதற்கும் மதத்துக்கும் சம்பந்தமே இல்லை” என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் ரான் எழுதிய பட்டியலை உற்றுப் பாருங்கள். அவருடைய மனைவி அவரை விவாகரத்து செய்துவிட்டு ஆறு பிள்ளைகளுடன் வெளியேறியிருந்தார். கொல்லப்பட்ட பெண் அந்த மனைவிக்குத் துணையாக நின்றவர். பட்டியலில் இருந்த வேறு இரண்டு பெரியவர்களும் அந்த மனைவிக்கு உதவியவர்கள்தாம். ‘இறைக் கட்டளை’ என்று சொல்லப்பட்டது, அந்த மனிதரின் சொந்தப் பகையோடு அப்படியே பொருந்திப்போனது! இந்த விவரங்கள் எல்லாம் நூலிலேயே இருக்கின்றன. ஆயினும் நூறாண்டு வரலாற்றைப் பக்கத்தில் வைத்துச் சொல்லும்போது, மதம்தான் கத்தியைக் கையில் கொடுத்தது என்ற எண்ணம் வாசகர் மனதில் பதிந்துவிடுகிறது. அதே நம்பிக்கையில் வாழும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஏன் கொலை செய்யவில்லை என்ற கேள்விக்கு அந்த எண்ணத்தில் பதில் இல்லை.

பழைய படுகொலையைப் பொறுத்தவரை, 2007இல் அதன் 150ஆம் நினைவு நாளில் திருச்சபை வருத்தம் தெரிவித்தது. அடுத்த ஆண்டு திருச்சபையின் வரலாற்றாசிரியர்களே அதைப் பற்றி விரிவான நூலை வெளியிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதால் அந்தச் சமூகத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

நமக்கும் இதே அளவுகோல்

இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. 2019 ஏப்ரல் 21 அன்று இலங்கையில் ஈஸ்டர் தாக்குதலில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதை நடத்திய குழுவின் தலைவன் தமிழ் பேசும் முஸ்லிம். மார்க்கத்தின் பெயரால்தான் அவன் பேசினான்; இதை மறைத்து எழுதினால் அது பாதி உண்மை. அவனைப் பற்றி காத்தான்குடி முஸ்லிம்களே முன்கூட்டி அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். தாக்குதலுக்குப் பின் மே மாதத்தில், எதிலும் சம்பந்தப்படாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் சூறையாடப்பட்டன. இவற்றை விட்டுவிட்டு எழுதினால் அதுவும் பாதி உண்மைதான்.

ஆகவே இத்தகைய நூலையோ தொடரையோ பிள்ளைகள் எடுத்து வந்தால், தடுப்பதைவிடக் கூடவே இருந்து சில கேள்விகள் கேட்கலாம். கொலையாளி சொன்ன காரணத்தை ஆசிரியர் அப்படியே ஏற்கிறாரா, சரிபார்க்கிறாரா? குடும்பப் பகை, பணம், அதிகார ஆசை ஆகியவற்றுக்கு உரிய இடம் கொடுக்கிறாரா? அதே மதத்திலிருந்து எச்சரித்தவர்களும் எதிர்த்தவர்களும் நூலில் இருக்கிறார்களா? பலியானவர்களில் அதே மதத்தவர் இருப்பதைச் சொல்கிறாரா? லாஃபர்ட்டி வழக்கில் பலியான பெண்ணும் மோர்மன்தான்.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் எச்சரிக்கிறது. வரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. “ஒருவன் செய்ததற்கு எங்கள் எல்லோரையும் குற்றம் சொல்லாதீர்கள்” என்று உலகிடம் கேட்கும் நாம், மோர்மன்களைப் பற்றிய நூலைப் படிக்கும்போதும் அதே நீதியைக் கடைப்பிடிக்க வேண்டும். நம்மவர் குற்றம் செய்யும்போது அதைக் குற்றம் என்று சொல்லும் துணிவும் அதே நீதியின் பகுதிதான்.