வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா வழிபாடு

வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா வழிபாடு என்பது காவிரிப் படுகைக் கத்தோலிக்கரிடையே வேரூன்றிய மரியன்னை பக்தி முயற்சியாகும். இத்திருத்தலம், ஒரத்தநாடு வட்டத்தையும் உள்ளடக்கிய தஞ்சாவூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 1962 ஆம் ஆண்டு திருத்தந்தை இருபத்திமூன்றாம் யோவான் இதனைப் பேராலய நிலைக்கு உயர்த்தினார்.

ஆண்டுத் திருவிழா ஆகஸ்ட் 29 ஆம் நாள் கொடியேற்றத்துடன் தொடங்கி, மரியாவின் பிறந்தநாளான செப்டம்பர் 8 ஆம் நாள் நிறைவுபெறும். பக்தர்கள் பலர் காவியுடை உடுத்தி நடைப்பயணமாக வருவர்; முடி காணிக்கை செலுத்துவர். இவ்வழக்கங்கள் தமிழரின் பொதுவான நேர்த்திக்கடன் மரபைச் சார்ந்தவை.

பிற சமயத்தாரும் திரளாக வருவதால், இது சமயக் கலப்பாகுமா என்ற கேள்வி எழுவதுண்டு. 2024 ஆகஸ்டில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை தஞ்சை ஆயருக்கு எழுதிய மடல், ஆறுதல் தேடி வரும் அவர்களின் வருகையை அவ்வாறு கருதலாகாது எனத் தெளிவுபடுத்தியது.